புது டர்போ மாட்டும் முன்

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம். பழைய டர்போ ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். நான் ஒரு முறை அவசரத்தில் அப்படி மாட்டினேன். ஆயில் வரும் பைப்புக்குள் கரி அடைத்திருந்ததைப் பார்க்கவில்லை. புது டர்போவும் சீக்கிரமே போய்விட்டது. இப்போதெல்லாம் அந்த பைப்பைக் கழுவிப் பார்ப்பதோடு விடுவதில்லை, புதிதாகவே மாற்றிவிடுகிறேன். ஆயில் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப் நசுங்காமல் இருக்க வேண்டும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் கழற்றிக் கழுவுங்கள். பழைய டர்போவின் உடைந்த இறக்கைத் துண்டு உள்ளே கிடந்தால் அடுத்து இன்ஜினுக்குள்தான் போகும்.

ஆயிலும் ஃபில்டர்களும் புதிதாகப் போடுங்கள். ஆயில் பைப் மூட்டில் சிலிக்கான் பசை வேண்டாம், பிசிறு போய் துவாரத்தை அடைக்கும். கேஸ்கெட் போதும்.

மாட்டியதும் ஆயில் துவாரத்தில் சுத்தமான ஆயிலை ஊற்றி, டர்போவின் சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். உரசாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் கையில் தெரிகிற அளவுக்கு ஆடினால்தான் கோளாறு.

அப்புறம், டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஐட்லிங்கிலேயே ஓடட்டும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். லோடோடு ஓடி வந்து நிறுத்தும்போதும் மூன்று நிமிடமாவது ஐட்லிங்.