மழைக்குளிருக்கு சிஃப்னோஸ் கொண்டைக்கடலை

வடகிழக்குப் பருவக்காற்று வலுத்து, தென்சீனக் கடல் வழியாகக் குளிர்காற்று இறங்கினால் சிங்கப்பூரில் நாலைந்து நாளைக்கு வெயில் எட்டியே பார்க்காது. வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு வந்துவிடும். எண்ணாகப் பார்த்தால் பெரிய குளிர் இல்லைதான். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகள் காற்று புகுந்து போகக் கட்டியவை. ஈரக்காற்று, சில்லிட்ட தரை ஓடு, காயாத துணி மூன்றும் சேரும்போது வீட்டிலிருக்கும் பெரியவர்கள் நடுங்கிப் போகிறார்கள்.

காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கத்தில் ஒன்றை மட்டும் நாலு விரல் திறந்து வையுங்கள். வாசற்கதவின் அடி இடைவெளியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தாலே பாதிக் குளிர் நின்றுவிடும். காலுக்குக் காலுறை, அதன்மேல் வீட்டுச் செருப்பு. வெந்நீர்ப் பையில் கொதிநீர் ஊற்றாமல், சற்று ஆறிய நீரை முக்கால் பங்கு நிரப்பி, துணி சுற்றிக் கொடுங்கள். கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

மற்ற நாளில் ஐந்து மணி நேரம் ஓவன் எரிந்தால் சமையலறையில் நிற்க முடியாது. இந்த நாலு நாளில் அந்தச் சூடே வரம். அதற்கு ஏற்றது, கிரேக்கத்தின் சிஃப்னோஸ் தீவில் சனிக்கிழமை இரவு விறகடுப்பில் வைத்து ஞாயிறு மதியம் எடுக்கும் ரெவிதாதா என்ற கொண்டைக்கடலைச் சாறு.

அரை கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை 2 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி உப்பு போட்டு 12 மணி நேரம் ஊற வையுங்கள். உப்பு தோலை இளக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளிக்கும் என்பதால் குளிர்சாதனப் பெட்டிதான் நல்லது. வடித்துக் கழுவி மண்சட்டியில் போடுங்கள். மெல்லியதாக அரிந்த பெரிய வெங்காயம் 3, ஆலிவ் எண்ணெய் 150 மில்லி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, பிரிஞ்சி இலை 2 சேர்த்து, கடலைக்கு மேல் இரண்டு விரல் நிற்கும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெயைப் பார்த்து மலைக்க வேண்டாம்; கடலையின் மாவுச்சத்தோடு கலந்து சாற்றைக் கெட்டியாக்குவதே அதுதான்.

இலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் பிரியாணிக்கு விற்கும் இலையில் மூன்று நீள நரம்புகள் ஓடும், லேசாகப் பட்டை மணக்கும். கிரேக்கர்கள் போடுவதில் நடுவில் ஒரே நரம்பு. பேரங்காடியில் மேற்கத்திய மசாலா இருக்கும் அடுக்கில் அது கிடைக்கும். கிடைக்காவிட்டால் இலையே வேண்டாம். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிக்கவும் கை நீளக் கூடாது. அது நல்ல சுண்டலாகிவிடும், ரெவிதாதா ஆகாது.

மூடியின் விளிம்பை தம் பிரியாணிக்குப் போல மாவு ஒட்டி அடையுங்கள். சட்டியைச் சூடேறாத ஓவனில் வைத்த பிறகே ஓவனைப் போடுங்கள். சூடான ஓவனில் குளிர்ந்த மண்சட்டி விரிசல் விடும். 200 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 150 டிகிரியில் நாலு மணி நேரம். அடுக்குமாடி வீட்டில் எல்லாரும் தூங்கும்போது ஓவனை ஓடவிடுவது சரியில்லை. பகல் இரண்டு மணிக்கு வைத்தால் ஏழு மணிக்குச் சாப்பாடு. ஓவன் கதவைத் திறந்து போட்டு வீட்டைச் சூடாக்க முயலாதீர்கள்.

ஒரு கடலையை இரு விரலுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். வெண்ணெய் போல நசுங்க வேண்டும். உள்ளே மணல் மணலாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம். வெங்காயம் கரைந்து காணாமல் போயிருக்கும், சாறு பொன்னிறத்தில் மினுங்கும். தண்ணீர் வற்றியிருந்தால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். எவ்வளவு நேரமானாலும் வேகாவிட்டால் பெரும்பாலும் அது பழைய கடலை. அடுத்த முறை வேகமாக விற்றுப்போகும் கடையில் வாங்குங்கள். லெமன் சாற்றைத் தட்டில் மட்டுமே பிழிய வேண்டும். முன்பே ஊற்றினால் புளிப்பு தோலை இறுக்கிவிடும்.

வாய்க்கு ருசி இல்லாதவர்களுக்கு அவ்கோலேமோனோ என்ற கிரேக்க முட்டை லெமன் சூப். ஒன்றரை லிட்டர் கோழிச்சாற்றில் 100 கிராம் ஜப்பானிய அரிசியைக் குழைய வேகவிடுங்கள். பாஸ்மதி கொழகொழப்பு தராது. அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். குளிர்ச்சி போன 2 முட்டைகளை நுரை வர அடித்து, 60 மில்லி லெமன் சாறு கலந்து, அடித்துக்கொண்டே சூடான சாற்றை ஒவ்வொரு கரண்டியாக நாலு கரண்டி ஊற்றுங்கள். கிண்ணம் கைக்கு வெதுவெதுப்பானதும் பானையில் சேர்த்துக் கிளறுங்கள். அவசரப்பட்டால் முட்டை திரிந்து துணுக்குத் துணுக்காக மிதக்கும். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் சிறுதீயில் கிளறிச் சூடாக்குங்கள், ஓரத்தில் ஆவி எழும்பியதும் இறக்குங்கள், கொதிக்க விடாதீர்கள்.