தோட்ட வேலையும் குரூப் 4 படிப்பும்: மன உறுதியைக் குலைக்கும் தவறுகள்

விடியுமுன் கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஜீப் ஏறி, மெட்டு (மலைப்பாதை) தாண்டி கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

'மனசு வரட்டும், அப்புறம் உட்காரலாம்' என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. பகல் முழுக்கச் சரிவில் குனிந்து காய் எடுத்த உடம்பில் சாயங்காலம் மனசு வராது. அது சோம்பேறித்தனம் இல்லை, களைப்பு. உட்கார்ந்து பத்து நிமிடம் போன பிறகுதான் ஆர்வம் மெல்லத் தலைகாட்டும். அதனால் முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி போதும்.

'தினமும் படிப்பேன்' என்பது ஆசைதான். நேரமும் இடமும் சேர்ந்தால்தான் அது திட்டம். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: 'கைகால் கழுவி டீ குடித்ததும், திண்ணையில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புத் தமிழில் நான்கு பக்கம்.' அதன் கீழேயே தடங்கலுக்கும் ஒரு வரி: 'கரண்ட் போனால், நேற்றுத் தப்பாய்ப் போட்ட கேள்விகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.' வேலை கிடைத்த மாதிரி கனவு மட்டும் கண்டுகொண்டிருந்தால் முயற்சி தளரும். குறுக்கே என்ன வரும் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று நம்பி, 22ஆம் நாள் கஷ்டமாக இருந்ததும் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஆகவே விட்ட பாடத்தை மறுநாள் இரட்டிப்பாகச் சுமக்காதீர்கள். அந்தக் கடன் ஏற ஏறத்தான் புத்தகம் மூடப்படுகிறது. மறுநாள் பாதி அளவு படித்தாலும் போதும், இரண்டு நாள் தொடர்ந்து விடாதீர்கள்.

காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் புரட்டாசி, ஐப்பசியில் அளவை நீங்களே பாதியாகக் குறைத்துவிடுங்கள். வேலை குறையும் கோடையில் கூட்டிக்கொள்ளலாம். திட்டமிட்டுக் குறைத்தால் 'தோற்றுவிட்டோம்' என்ற எண்ணம் வராது.

தாய்மொழிதானே என்று தமிழைக் கடைசியில் வைப்பதும் தவறு. 200 கேள்வியில் 100 தமிழ்தான். அந்தத் தமிழ்ப் பகுதிக்கான 150 மதிப்பெண்ணில் 60 வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மலையாள வழியில் படித்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் தொடங்கினால் கைக்கெட்டிய வெற்றி முதலிலேயே கிடைக்கும், தெம்பும் அதிலிருந்தே பிறக்கும்.

தேர்வுக்குப் படிப்பதை ஜீப் முழுக்க அறிவிக்காதீர்கள். பாராட்டு கிடைத்ததுமே பாதி முடித்த திருப்தி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் 'எத்தனை பக்கம் ஆச்சு?' என்று கேட்கும் ஒரே ஆளிடம் சொன்னால் போதும்.

நாலரைக்கு எழுபவர் நள்ளிரவு வரை விழித்துப் படித்தால் படித்தது தங்காது. ஒன்பதரைக்கு விளக்கை அணையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது ஊக்கக் குறைவு இல்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் கிடையாது.