ஏஐ கம்பெனிக்கு அரசு விதை நிதி: எங்கே சறுக்கும்?

ஆத்தங்குடி டைல்ஸில் விரிசலைக் கேமராவால் கண்டுபிடிக்கும் ஏஐ மென்பொருளுக்குக் காரைக்குடியில் கம்பெனி தொடங்குகிறீர்களா? முதலில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையான டிபிஐஐடியிடம் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வாங்குங்கள். புதுக் கம்பெனிக்கு ஆரம்பப் பணம் தரும் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதிக்குக் கம்பெனி பதிவாகி 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு அரசுத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கியிருந்தால் தகுதி போச்சு.

மாதிரி செய்து காட்ட 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கிடைக்கும். அது கடனாகவோ பங்காக மாறும் கடன்பத்திரமாகவோதான் வரும்.

பலரும் சறுக்குவது விண்ணப்பத்தில் இலக்கு எழுதும்போது. மானியம் தவணை தவணையாக, இலக்கை எட்டினால்தான் வரும். "ஏஐ மாடலை மேம்படுத்துவோம்" என்றால் யார் அளப்பது? "5,000 டைல்ஸ் படம் எடுத்து விரிசலைக் குறியிடுவோம்" என்று எழுதுங்கள். ஏஐக்குப் பயிற்சி தரும் சிப்பான ஜிபியு வாங்க அவசரம் வேண்டாம். மத்திய அரசின் ஏஐ திட்டமான இந்தியாஏஐ மிஷனில் மானிய விலைக்கு வாடகையாகக் கிடைக்கிறது.