“ஓட ஏலாது” என்று கொப்பியில் எழுத முன்

இந்த மாதம் இரண்டு புது டீச்சர்மார் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி பழக்குகிற வேலை. அவர்கள் மைதானத்தில் செய்வதைப் பார்க்கப் பார்க்க, ஆரம்பத்தில் நான் விட்ட அதே பிழைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன. சப்பாத்து இறுக்கமா, தண்ணீர் குடித்தார்களா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அதை விடுவோம்.

விளங்காததை இயலாததென்று எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். ஒன்பது வயதுப் பையன். “அந்தக் கோடு வரைக்கும் உனக்கு ஏலுமான வேகத்தில் ஓடு” என்று சொல்லி ஸ்டொப்வோட்சை அமத்தினேன். பாதித் தூரம் மெதுவாக வந்தான், நின்றான், என்னைப் பார்த்தான். திரும்பச் சொன்னேன், இந்த முறை வேறு சொற்களில், கொஞ்சம் சத்தமாக. அசையவில்லை. “ஓட்டம் மிகவும் பலவீனம்” என்று கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் அவனுடைய ஒரு வருடத் திட்டமே போடப்பட்டது, நடைப் பயிற்சி மட்டும். வீட்டிலும் ‘அவனுக்கு ஏலாதாம்’ என்று அண்ணன்மாரோடு விளையாட விடுவதைக் குறைத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம் திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரையில் அவனை அம்மம்மாவோடு கண்டேன். அறுந்துபோன பட்டத்தின் நூலைத் துரத்திக்கொண்டு மணலில் ஓடுகிறான், அண்ணனுக்கு இரண்டு அடிதான் பின்னால். என் பேச்சு அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்பதைத்தான் நான் அன்றைக்கு அளந்திருக்கிறேன், அதற்கு ஓட்டம் என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

உடம்பில் சிரமமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சமநிலை, தசைப் பலம், வருகிற பந்துக்கு நேரத்துக்குக் கை நீட்டுவது எல்லாம் இந்தப் பிள்ளைகள் பலருக்குப் பிந்தித்தான் வரும். டவுன் சின்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறப்பிலேயே வருகிற நிலை) என்றால் தசையும் மூட்டும் தளர்வாகவே இருக்கும். ஆனால் விளங்கிக்கொள்வதில் உள்ள தடையை எடுத்த பிறகுதான் அதை அளக்கலாம். ஓடிக் காட்டுங்கள். ஒரே ஒரு சின்ன வசனம் சொல்லுங்கள், பிறகு வாயை மூடி மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீங்கள் சொல்லை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் பிள்ளை முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கோட்டுக்குப் பதிலாக ஒரு வாளியை வைத்து, கையில் பந்தைக் கொடுத்து, அதற்குள் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்களும் ஓடுங்கள். இவர்களுக்கென்று மாற்றியமைத்த உடற்தகுதிச் சோதனைகளில் முன்கூட்டியே பழக்குவதும் கூட ஒருவர் ஓடுவதும் வழக்கம். முதல் நாள் கணக்கை எழுதவே வேண்டாம்.

கையைப் பிடித்தே நடத்துவது

பிடியுங்கள். கிழமைக்குக் கிழமை பிடியைத் தளர்த்துங்கள்.

வயதுக் கணக்கு

டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள் பலர் 2 வயதையொட்டித்தான் நடக்கத் தொடங்குகிறார்கள், சிலர் அதற்கும் பிறகு. “இன்னும் நடக்கேல்லையா?” என்று தாயிடம் கேட்காதீர்கள்.

மணலில் தொடங்குவது

கடல் பக்கத்தில் இருப்பதால் முதல் நாளே உப்புவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். தசை தளர்ந்த பிள்ளைக்குக் காய்ந்த மணலில் ஒவ்வொரு அடியும் பாரம், கெதியில் களைத்துவிடும், அப்புறம் கடற்கரை என்றாலே அழும். சீமெந்துத் தரை, பிறகு அலை நனைத்த இறுகிய மணல், காய்ந்த மணல் கடைசியில்.

குட்டிக்கரணம்

டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் குட்டிக்கரணமும் தலைகீழாக நிற்பதும் கூடவே கூடாது. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இருதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள், ஓட விடமுன் அதையும் கேட்டு வையுங்கள். கழுத்து நோகிறது என்றாலோ, நடை மாறினாலோ, கையில் பலம் குறைந்தாலோ, அடக்கிப் பழகிய சிறுநீர் அடங்காமல் போனாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.