தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நாதசுரக் கலைஞராக வாழ்க்கையை அமைத்துக்கொள்ள

நாதசுரமோ தவிலோ பயில விரும்புவோர் மாவட்ட அரசு இசைப்பள்ளியின் 3 ஆண்டுப் பயிற்சியில் சேரலாம். ஆயினும், சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கும் மல்லாரி என்னும் இசையை, அப்புறப்பாட்டின் நடைக்கேற்ப விரிக்கவும் சுருக்கவும் ஓர் ஆசானின் அருகில் நின்று வாசித்தால்தான் வரும் என்பதால், படிக்கும்போதே ஒரு குழுவில் இரண்டாம் நாதசுரமாகச் சேர்ந்துவிடுங்கள். இதைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

இரண்டு நாதசுரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்பதே வழக்கமான மேளம். ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை, முன்பணம் வாங்கும் நாளிலேயே பேசி எழுதிவையுங்கள்.

ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் மிகுதி. ஆகவே தியாகராஜர் கீர்த்தனைகளோடு புரந்தரதாசர் பதங்களையும் (சொற்களின் பொருளறிந்து) பாடம் செய்துகொண்டால், ஒரு திருமணத்தில் வாசித்தவரை அடுத்த வீட்டாரும் தேடி வருவார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் திருமணங்கள் இல்லை. அம்மாதங்களின் குடும்பச் செலவுக்கும், சீவாளி (நாதசுரத்தில் ஊதும் முனையில் செருகும் நாணல்) வாங்கவும் தவிலின் தோல் மாற்றவும், முகூர்த்த மாதங்களின் வருவாயில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துவையுங்கள். சாதகத்தை (அன்றாட வாசிப்புப் பயிற்சியை) நீட்டி, ஆகாசவாணி வானொலியின் கலைஞர் தேர்வுக்கு ஆயத்தமாகவும் அம்மாதங்களே ஏற்றவை.