பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் .303 தோட்டாவை நெடுக்காக வெட்டி, உள்ளே இருப்பதைக் காட்டுவது எப்படி?

முதலில் ஒரு கண்டிப்பு. வெடிக்கக்கூடிய தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு அறுக்கலாம் என்ற யோசனை இருந்தால் இதோடு நிறுத்திவிடுங்கள். நமக்கு வேண்டியது சுட்டு முடித்த பித்தளைக் கூடு ஒன்று (பின்பக்கம் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில், ஊசி குத்திய பள்ளம் இருக்கும்), தனியாக ஒரு மார்க் 7 (.303 குண்டில் ஒரு ரகம்) சாதாரணக் குண்டு. உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்து, இன்னது என்று உறுதி சொல்லும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். ட்ரேசர் (போகும் பாதை தெரிய ஒளிவிட்டுப் பறக்கும் குண்டு), தீக்குண்டு வகைகளுக்குள் எரியும் மருந்து இருக்கும், அரம் படக்கூடாது.

மார்க் 7 ஏன் என்றால் அதன் மூக்குதான் வேடிக்கை. 1910இல் வந்த குண்டு, 11.3 கிராம். ஆனால் முழுக்க ஈயம் இல்லை, முன்பகுதியில் அலுமினியமோ மரக்கூழோ வைத்திருப்பார்கள். மூக்கு லேசு, வால் கனம். வெட்டினால்தான் இது தெரியும்.

கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பழைய ராணுவக் கூடுகளில் பெரும்பாலும் அடியில் இரண்டு பொடித் துளைகள் தெரியும், பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் வழி அவை. மார்க்கர் கோடு அந்த இரண்டின் வழியாகவும் போகவேண்டும். நான் முதல் தடவை இதைப் பார்க்காமல் குறுக்கே அராவி, துளையே இல்லாத அடிப்பாகம் ஒன்றைப் பெருமையாக அலமாரியில் வைத்திருந்தேன்!

வாய்ப்பக்கம் பித்தளை மெல்லிசு, நசுங்கும். அதனால் பாரிஸ் சாந்து ஊற்றி இறுகவிட்டு, மரக்கட்டைப் பள்ளத்தில் பதித்து, வைஸில் பிடித்துத் தட்டை அரத்தால் மெதுவாக அராவுங்கள். பாதிக்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்திவிட வேண்டும், மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். குண்டுக்கும் இதே முறைதான், ஆனால் ஈயம் அரத்தை அடைத்துவிடும் என்பதால் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளுங்கள். ஈயத்தூள் விஷம்: தண்ணீர் விட்டே அராவுங்கள், முகமூடி, கையுறை, சாப்பாட்டு மேசையில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து 240, 400, 800 என்று ஈரத்தோடு தேய்த்து, கடைசியில் பித்தளை பாலிஷ்.

அந்தக் காலத்துக் கார்டைட் மருந்து நீள நீள இழையாக இருக்கும், வறுத்த சேமியா அச்சு அசலாகப் பொருந்தும். சாந்தைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியதும் வார்னிஷ் பூச மறக்காதீர்கள், என் வீட்டு எறும்புகள் ஒரு தோட்டாவையே காலி செய்துவிட்டன.