கைரேகை வாங்கும் முன்: நிவாரணப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடவுச்சொல்லைப் பகிராதீர்கள், டேப்லெட்டைத் தொலைக்காதீர்கள் என்பதையெல்லாம் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். நிவாரண முகாம்களில் உதவி பெறுவோரின் பெயரையும் கைரேகையையும் பதியும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எங்கள் காலத்துப் பிழைகளையே இன்னும் வேகமான கருவிகளைக் கொண்டு செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சம்மதக் கட்டத்தை நீங்களே நிரப்புவது

அண்மையில் ஒரு பதிவு மேசையில், மூதாட்டி ஒருவரின் கட்டைவிரலை இடக்கையால் கருவியில் அழுத்திப் பிடித்திருந்த இளைஞர், வலக்கையால் திரையில் 'சம்மதம்' என்ற கட்டத்தைத் தட்டினார். கேட்டால், "அதைத் தொடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது சார்" என்றார். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ரேஷனுக்காக வரிசையில் நிற்பவருக்கு மறுக்க வழியே இல்லையென்றால், அதற்குச் சம்மதம் என்று பெயரில்லை.

வங்கதேசத்தில் ரோஹிங்கியா அகதிகளின் கைரேகை உள்ளிட்ட விவரங்களை, 2018 முதல் ஐ.நா. அகதிகள் முகமையும் அந்நாட்டு அரசும் சேர்ந்து பதிந்து ஸ்மார்ட் அட்டை வழங்கின. அவர்கள் எந்த ராணுவத்திடமிருந்து உயிர்தப்பி ஓடிவந்தார்களோ அந்த மியான்மரிடமே, திருப்பி அனுப்புவதற்கான பரிசீலனைக்கென்று வங்கதேச அரசு அவ்விவரங்களைக் கொடுத்ததாகவும், குறைந்தது 8,30,000 பெயர்கள் போய்ச் சேர்ந்ததாகவும் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் வெளியிட்டது. விளக்கிச் சொல்லியே சம்மதம் பெற்றதாக முகமை கூறியது. ஆனால் அந்த அமைப்பு பேசிய அகதிகளில் பெரும்பாலோர், உதவி பெறுவதற்கான பதிவு என்றுதான் தங்களிடம் சொல்லப்பட்டதாகக் கூறினார்கள்.

ஆகவே உதவிக்கான பதிவும், விவரத்தைப் பிறருக்குக் கொடுப்பதற்கான அனுமதியும் தனித்தனிக் கேள்விகளாக, அவரவர் மொழியில் வாய்விட்டுக் கேட்கப்பட வேண்டும். இரண்டாவதற்கு 'வேண்டாம்' என்றவருக்கும் அரிசி குறையக்கூடாது. இந்த விவரம் யார் கைக்குப் போகும் என்று அவர் திருப்பிக் கேட்டால் சொல்லத் தெரியாதவர் கருவியை எடுக்கவே வேண்டாம்.

பட்டியலை வேறு வேலைக்குக் கொடுப்பது

கென்யாவின் வடகிழக்கில், பஞ்ச காலத்தில் உணவுக்காக அகதிகளாகப் பதிந்துகொண்ட சோமாலி இனக் கென்யக் குடிமக்கள் பல்லாயிரம் பேருக்கு, அரசு ஒப்பிட்டுப் பார்த்த அகதிகள் பட்டியலில் அவர்களின் கைரேகை இருந்த காரணத்தால் சொந்த நாட்டு அடையாள அட்டையே மறுக்கப்பட்டது.

விரல் பதியாதவர்கள்

உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி பல நேரம் படிக்காது; மாற்று வழியை முதலிலேயே வையுங்கள்.

பராமரிக்க ஆளில்லாமல் சேமிப்பது

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களில் இருந்த, பிரிந்த குடும்பங்களைத் தேடித் தரும் பணிக்காகத் திரட்டிய 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களை இணைய ஊடுருவிகள் எட்டிவிட்டது 2022 ஜனவரியில் தெரியவந்தது. உள்ளே நுழையப் பயன்பட்ட மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம் உரிய நேரத்தில் நிறுவப்படவில்லை. அத்தனை பெரிய அமைப்புக்கே இந்த நிலை என்றால், வாரம் ஒரு முறை எட்டிப்பார்க்கும் கணினி ஆளை நம்பியிருக்கும் சிறு தொண்டு நிறுவனம் பெயரும் குடும்ப எண்ணிக்கையும் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொள்வதே நல்லது.